படிவத்தில் இல்லாத கேள்வி

நான் பச்சை போட்ட சபைகள் மொத்தம் முப்பத்தொன்று. ஒன்றிலும் பின்னால் சிக்கல் வந்ததில்லை என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. உண்டு என்பதை இருந்தது என்று திருத்திக்கொள்கிறேன். முப்பத்தொன்றாவது சபை, அந்தியூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் நிறைகுடில். நான் பச்சை போட்டதை நம்பித்தான் என் தங்கை மிருதுளா அங்கே போனாள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஏமாற்றுக்காரன் என்று ஒருவனும் வரமாட்டான். வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவனை நாலு சாத்து சாத்திவிட்டு ஜெயிலுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

பச்சை என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இன்றைக்கு யாரும் இருக்க முடியாது. இருந்தாலும் சொல்கிறேன். சாமியின் பேரைச் சொல்லி ஊருக்கு ஊர் நடந்த அக்கிரமங்கள் எல்லை மீறிப் போன பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். எந்த மதமானாலும் சரி, ஆட்களைத் தங்கவைத்து வழிநடத்துகிற கூட்டம் எதுவும் அரசாங்கத்திடம் சான்று வாங்கி வாசலில் மாட்ட வேண்டும். சான்று கொடுக்க ஒரு துறை, மாவட்டத்துக்கு இரண்டு ஆய்வாளர்கள். எங்கள் மாவட்டத்தில் நானும் ரெஜினாவும். எங்கள் கையில் நெற்றியில் கட்டும் துணிப்பட்டை ஒன்றும், சோற்று டப்பா அளவில் விளக்கு வைத்த பெட்டி ஒன்றும், நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றும் இருக்கும். பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் உளமானி. ஜனங்கள் பச்சைப் பெட்டி என்பார்கள்.

"அது எப்படீங்ணா கண்டுபுடிக்குது?" என்று மிருதுளா ஒருமுறை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய மாத்திரைகளை வாரம் முழுவதுக்குமாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தர் மனசுல நம்பறதும் வாயில சொல்றதும் ஒண்ணா இருந்தா பச்சை எரியும். வேற வேறயா இருந்தா சிவப்பு. அவ்வளவுதான் அம்மிணி."

"மறந்து போயி தப்பாச் சொன்னா?"

"மறந்ததை அது கண்டுபுடிக்காது. மறைச்சதைக் கண்டுபுடிச்சுரும். நெஞ்சுக்குள்ள எத்தனை ஆழத்துல போட்டு மூடி வெச்சிருந்தாலுஞ் செரி."

"அப்ப நல்ல மெசினுதான்" என்று சிரித்தாள்.

அவளுக்கு இருபத்தேழு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அது அவளுக்குள் ஆறு வருடமாக நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அடுத்தவர் உறுப்பை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை, எதிரி என்று நினைத்துத் தாக்கப் பார்க்கும். அப்படித் தாக்காமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும், காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை, நேரம் தவறாமல். அதற்காக என் போனில் இரண்டு அலாரம் வைத்திருந்தேன். அப்பா அம்மா இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கொதித்து ஆறிய தண்ணீர், உப்புக் குறைந்த சாப்பாடு, சளி பிடித்தவர்கள் யாரும் உள்ளே வராமல் காவல். எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் இந்த நிலவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு காபியோடு எழுந்து போயின. நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. அதற்காக நான் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அம்மிணி எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை.

நிறைகுடிலைப் பற்றி அவளுக்குச் சொன்னது கூடப் படித்த ஒரு தோழி. ஞாயிறுதோறும் அங்கே பாட்டு உண்டு. அவள் இரண்டு மூன்று தடவை போய்வந்தாள். போய்வந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை நானும் பார்த்தேன். அங்கே யாரும் அவளை நோயாளி என்று பார்க்கவில்லையாம். தண்ணீர் இறைக்கச் சொன்னார்களாம்.

"அங்கயே தங்கிக்கச் சொல்றாங்கண்ணா" என்றாள் ஒரு நாள்.

"உனக்கு என்ன தோணுது?"

"போகோணும்னுதான் இருக்குது. ஆனா எனக்கு ஆரையும் அத்தனை சுலுவுல நம்ப முடியாதுங்களே. நீங்க போயிப் பாருங்க. நீங்க பச்சைன்னு சொன்னா போறன். இல்லாட்டி வேண்டாம்."

அவள் ரொட்டிப் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறவள். அவசரப்பட்டு எதிலும் விழுந்துவிடுகிற பெண் இல்லை. அவள் செய்த தவறு, தனக்குப் பதிலாக என்னைப் பார்க்கச் சொன்னதுதான்.

நிறைகுடிலின் விண்ணப்பம் அலுவலகத்துக்கு ஏற்கெனவே வந்து ரெஜினாவின் மேசையில் கிடந்தது. எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

"சபரி, அது எனக்கு ஒதுக்கினது" என்றாள் ரெஜினா.

"நான் முடிச்சுடறேன். உங்கையில விட்டா மூணு நாள் இழுப்பே."

அலுவலகத்தில் அவளைக் கேலி செய்வதற்கு இது ஒன்று எல்லோருக்கும் பொது. நான் அரை நாளில் முடிக்கும் ஆய்வுக்கு அவள் மூன்று நாள் எடுப்பாள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாள். டீக்கடையில் உட்காருவாள், மாவு மில்லில் நிற்பாள், அந்தச் சபையை விட்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் வீடு தேடிப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடிப்பாள். இரண்டு நாள் இப்படிச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள்தான் பெட்டியைத் திறப்பாள்.

"பெட்டி இருக்கறப்ப ஊர்வம்பு எதுக்கு?" என்று நான் கேட்டால், "பைத்தியக்காரன் தன்னை ராஜான்னு சொன்னாலும் உன் பெட்டியில பச்சைதான் எரியும், போ" என்பாள். நானும் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

நிறைகுடில் சுத்தமான இடம். பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள், நடுவில் பெரிய கூடம், பின்னால் காய்கறித் தோட்டம். எண்பது பேர் இருந்தார்கள். யாரும் காவி கட்டவில்லை, யார் காலிலும் யாரும் விழவில்லை. அவர்கள் பெரியக்கா என்று அழைத்த ஞானசுந்தரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் போனபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. எங்க உக்காந்தா உங்களுக்குச் சௌரியம்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும் முன்னாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு பட்டைக்குத் தயாராக உட்கார்ந்தார். முப்பது சபைகளில் இப்படி ஒரு தலைவரை நான் பார்த்ததில்லை.

அவர் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஈரலில் கட்டி வந்து, ஆறு மாதம்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட, எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்து உட்கார்ந்தாராம். அது நடந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. இதைச் சொல்லும்போது பெட்டியில் பச்சை அசையாமல் எரிந்தது.

படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டேன்.

"இங்க தங்கறவங்க வெளிய போகோணும்னா தடுப்பீங்களா?"

"இல்லீங்க. கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லீங்களே." பச்சை.

"யாரையாவது வைத்தியம் பாத்துக்கக் கூடாதுன்னு தடுத்திருக்கறீங்களா?"

"ஒருத்தரையும் தடுத்ததில்லீங்க தம்பி. அவங்கவங்க மனசு." பச்சை.

"இதுவரைக்கும் எத்தனை பேரு சபையை விட்டு விலகிப் போயிருக்காங்க?"

"வந்தவிய ஒருத்தரும் போகலீங்க." பச்சை.

நாற்பத்திரண்டும் பச்சை. இன்னும் பதினைந்து பேரைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டேன். பதினைந்தும் பச்சை. நான் பார்த்ததிலேயே மிகச் சுத்தமான ஆய்வு அதுதான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். கீரைப் பொரியலும் கொள்ளு ரசமும். உப்பு எனக்கே கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அம்மிணிக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது தோட்டத்தை ஒட்டி மகிழங்கன்றுகள் வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாகக் கூழாங்கல். இருபத்தொரு கன்றுகள். கடைசிக் கன்றின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு பெண் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கன்றின் அருகில் மட்டும் குந்தி உட்கார்ந்து, அதன் இலையைத் துடைத்தபடி, "போதுங்களா மாமா? வெயிலு ரொம்ப சாஸ்தியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனை மாமா என்று கூப்பிடுவார்கள். செடியோடு கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் சுற்றுப்புறப் பராமரிப்பு என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதி, அங்கேயே கையெழுத்தும் போட்டேன். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"என்னாச்சுங்ணா?" என்று வாசலிலேயே கேட்டாள் மிருதுளா.

"பச்சை" என்றேன். "முழுப் பச்சை அம்மிணி. என்ற சர்வீஸ்லயே இப்படி ஒரு எடம் பாத்ததில்லை."

அடுத்த வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஆறு மாதத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். பெரியக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, "பத்திரமா வெச்சுக்கறோமுங்க தம்பி" என்றார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். பின்னால் நான் பார்த்தபோது ஒரு அட்டை கூடப் பிரிக்காமல் அலமாரியில் அப்படியே இருந்தது.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை பேசினாள். தண்ணீர் இறைக்கிறேன் என்றாள், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். நான் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன், நல்லா இருக்கறனுங்ணா என்பாள். மாத்திரை போடுகிறாயா என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. ஆறு வருடம் கேட்டுக்கொண்டே இருந்த வாய் அது. பச்சை எரிந்த இடமாயிற்றே என்று மூடிக்கொண்டது.

நாலாவது மாதம் ஒரு நாள் அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பேசும்போது இடையில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"என்ன அம்மிணி, இறைக்குது?"

"ஒண்ணுமில்லீங்ணா. காலு சித்தெ வீங்கியிருக்குது. படியேறினா அப்படித்தான்."

"மாத்திரை செரியாப் போடறியா?"

"அதை இங்க வந்ததுமே நிறுத்தியாச்சு, மூணு மாசம் ஆச்சுங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களா நானு?"

மறைக்கிற குரலே இல்லை. முற்றத்தைப் பெருக்கிவிட்டேன் என்பது போலச் சொன்னாள். அலுவலகத்திலிருந்து பெட்டியோடு அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதிப்போய், கண்கள் சின்னதாகியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

"எந்திரி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"எதுக்குங்ணா?"

"எதுக்கா? உன்ற ஒடம்பு என்ற கிட்னியைத் தின்னுட்டு இருக்குது அம்மிணி. இன்னும் பத்து நாளு போனா ஒண்ணுஞ் செய்ய முடியாது."

"அப்படிச் சொல்லாதீங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருசமா நீங்க குடுத்ததை எதிரின்னு சொல்லி மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருந்தனுங்களே, அது எத்தனை பெரிய பாவம்? மனசார வாங்கிக்கிட்டது எதுவுமே இரவல் இல்லைன்னு பெரியக்கா சொன்னாங்க. நீங்க பாசத்தோட குடுத்தீங்க. நானும் பாசத்தோட ஏத்துக்கிட்டா அது என்றதாயிருமுங்க. இப்ப அதுதான் நடக்குது. மாறும்போது சித்தெ சிரமமாத்தான் இருக்கும்."

நான் எதைக் கொண்டு இதை மறுப்பது? என் பாசத்தையே எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். ஆத்திரம் முழுவதும் பெரியக்காவின் மேல் திரும்பியது. அவர் அங்கேதான் நின்றிருந்தார், கையில் அவளுக்கான கஞ்சியோடு.

"நீங்க நர்ஸா இருந்தவங்கதானே? இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? பட்டையைக் கட்டுங்க. இப்பவே கட்டுங்க!"

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டார். பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாத்திரை இல்லாம இவ பொழைப்பாளா? சொல்லுங்க!"

"பொழைப்பாங்க தம்பி" என்றார் அவர். கண்ணில் நீர் நின்றது. "என்ற உசுரை விட எனக்கு அவங்க முக்கியமுங்க. பொழைப்பாங்க."

பச்சை. ஒரு துளி சிவப்பு கூடக் கலக்காத பச்சை.

"பாத்தீங்களா அண்ணா?" என்றாள் மிருதுளா.

"அம்மிணி, அந்தம்மா நம்பறாங்கன்னுதான் அது காட்டுது. நடக்கும்னு காட்டலை. புரிஞ்சுக்க சாமி. நம்பறது வேற, நெசம் வேற."

அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். "அன்னிக்கும் இதே பச்சைதானுங்களே எரிஞ்சுது? இதைத்தானே நம்பச் சொன்னீங்க?"

முப்பத்தொரு சபைகளின் வாசலில் என் கையெழுத்து தொங்குகிறது. பெரியக்காவின் நெற்றியிலிருந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தேன்.

போலீசுக்குப் போனேன். "உங்க தங்கச்சி மேஜருங்க சார். புத்தி தெளிவாத்தான் பேசறாங்க. ஆரும் அவங்களைக் கட்டி வெக்கலை. போதாததுக்கு நீங்களே பச்சை குடுத்த எடம்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. டாக்டரைக் கூட்டிப் போனேன். அவர் சொன்னதை எல்லாம் அம்மிணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நாள் வண்டியோடு போனேன். கதவில் உண்மையிலேயே தாழ்ப்பாள் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. அவள்தான் என் சட்டையைப் பிடித்துத் தள்ளி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "உங்குளுக்கு என்ற மேல நம்பிக்கையே இல்லீங்களா?" என்றாள். அவளைத் திரும்பப் பாயில் படுக்கவைத்துவிட்டு வந்தேன்.

நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்த நாளிலிருந்து பதினெட்டாம் நாள் காலை பெரியக்கா போன் செய்தார். இரத்தத்தில் சேர்ந்த உப்பு இதயத்தை நிறுத்திவிட்டது என்று டாக்டர் பிறகு விளக்கினார். பெரியக்கா சொன்னது இரண்டே சொல். "அம்மிணி நிறைஞ்சுட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகைக்குப் பட்டை கட்டியிருந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்பக்கம் ஒரு புதுக் குழி வெட்டி, மகிழங்கன்று ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் அது இருபத்து நாலாவது. அவள் அங்கே தங்கப் போன பிறகு நடுவில் இரண்டு பேர் நிறைந்திருந்தார்கள். வந்தவர்கள் ஒருவரும் விலகிப் போகவில்லை என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

துறை என் மேல் விசாரணை வைத்தது. நானே எழுதிக் கேட்டதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். என் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டுத்தான் பட்டையைக் கட்டினார். ரெஜினா சாட்சியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நிறைகுடில்காரங்ககிட்ட ஏதாவது ஆதாயம் அடைஞ்சீங்களா?"

"இல்லை."

"நாற்பத்திரண்டு கேள்வியும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சான்று கொடுத்த நேரத்துல, அவங்க உண்மை பேசறாங்கன்னு மனசார நம்பினீங்களா?"

"நம்பினேன்."

மூன்றும் பச்சை. ஒன்றாவது சிவக்காதா என்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குற்றவாளி என்று யாராவது, ஒரு பெட்டியாவது, சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதிகாரி பட்டையை அவிழ்த்தார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லை சபரீசன். நாளையிலேருந்து வேலைக்கு வாங்க" என்றார். நிறைகுடிலின் சான்றும் செல்லும் என்று அதே தாளில் எழுதினார். அங்கேயும் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ரெஜினா என்னோடு படியிறங்கினாள். நிறைகுடிலுக்கு அவள் தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். டீக்கடைக்காரரிலிருந்து ஆடு மேய்க்கிற பெண் வரை எல்லோருக்கும் அந்தக் கன்றுகள் என்னவென்று தெரிந்திருந்ததாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களாம்.

"சபரி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். "அந்தக் கன்னுகளைப் பாத்தப்ப உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"இல்லை ரெஜினா. சத்தியமா ஒண்ணும் தோணலை."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். பெருக்குகிற அம்மாள் கூட வந்திருக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தேன். பதினோரு வருடமாக எத்தனையோ நெற்றிகளில் கட்டிய பட்டையை, நானாக எடுத்து என் நெற்றியில் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "கன்னுகளைப் பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணலை."

சிவப்பு.

மறந்ததை அது கண்டுபிடிக்காது. மறைத்ததைக் கண்டுபிடித்துவிடும். அந்தப் பெண் "மாமா" என்று கூப்பிட்டபோது என் முதுகுத்தண்டு சில்லிட்டது எனக்கு நினைவிருக்கிறது. யாருடைய கன்று என்று கேட்க வாயெடுத்ததும் நினைவிருக்கிறது. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதில் வந்தால் பச்சை போட முடியாது. பச்சை போடாவிட்டால் அம்மிணி வீட்டிலேயே இருப்பாள். இதெல்லாம் ஈரக்கையை உதறுகிற நேரத்துக்குள் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது. அப்புறம்தான் 'மிக நன்று' என்று எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். போக முடியவில்லை.

"அம்மிணி எனக்குப் பாரமா இருந்ததே இல்லை."

விளக்கு மாறவில்லை. சிவப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. எட்டு மணி அலாரம். அவள் நிறைகுடிலுக்குப் போன பிறகும், செத்த பிறகும், அதை நான் நிறுத்தவில்லை. பாசத்தால் விட்டு வைத்திருக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலாரத்தை நிறுத்தினேன். பட்டையை அவிழ்த்துத் துடைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பத்து மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் புதிதாக ஒரு பிரார்த்தனை வீட்டுக்கு ஆய்வுக்குப் போக வேண்டும் என்று மேசையில் உத்தரவு இருந்தது. படிவம் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கேள்விகளும் அப்படியேதான் இருந்தன.